தென்துருவத்தில் நமக்கும் ஒரு பங்கு

(பரிசளிப்பு விழாவில் தோட்டப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

தோட்டப் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லிக்கொடுக்கும் என்னை, பினாங்கு லிட்டில் இந்தியாவின் நடுவில் இருக்கும் இந்த மண்டபத்துக்கு அழைத்திருக்கிறீர்கள். காலையில் பஸ் ஏறி, பட்டர்வொர்த்தில் பெரி பிடித்து, கடைத்தெரு வழியாக நடந்து வந்தேன். மசாலாக் கடை வாசமும் பாட்டுச் சத்தமும் கூடவே வந்தன. சட்டையும் நனைந்துவிட்டது, அவ்வளவு வெயில். இந்த வெயிலில் நின்றுகொண்டு நான் பேசப்போவது பனியைப் பற்றி! "என்னய்யா இது, ஐஸ் கச்சாங் சாப்பிடுற ஊர்ல தென்துருவத்தைப் பத்திப் பேச வந்துட்டாரே வாத்தியார்" என்று பின்வரிசையில் ஒருவர் சிரிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊருக்கும் அந்தப் பனிக்கும் இருக்கும் உறவைச் சொல்லிவிட்டு, பிறகு நம் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

பினாங்கிலிருந்து நேர் தெற்காகப் போனால் ஏறத்தாழ 10,600 கிலோமீட்டர் தூரத்தில் தென்துருவம் இருக்கிறது. அதைச் சுற்றிக் கிடக்கும் கண்டத்துக்கு அண்டார்க்டிக்கா என்று பெயர். நம் மலேசியாவைப் போல நாற்பது மடங்குக்கும் மேல் பெரிய நிலம். அந்த நிலத்தின்மேல் சராசரியாக ஏறக்குறைய 2 கிலோமீட்டர் கனத்துக்குப் பனிக்கட்டி மூடியிருக்கிறது. அங்கே பூர்வகுடிகள் என்று யாரும் கிடையாது. 1983 ஜூலை 21ஆம் நாள் வோஸ்டாக் என்ற ரஷ்யத் தளத்தில் குளிரை அளந்தார்கள். சுழிக்குக் கீழே 89.2 டிகிரி. நம் வீட்டு ஐஸ் பெட்டியின் உறைபனி அறை சுழிக்குக் கீழே 18 டிகிரிதான். அதற்குள்ளே கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்க நம்மால் முடியுமா?

அப்படிப்பட்ட இடத்துக்கு மனிதன் ஏன் போகிறான்? தங்கம் எடுக்கவா, எண்ணெய் எடுக்கவா? இல்லை. 1959ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், வாஷிங்டன் நகரில் 12 நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அங்கே படைத்தளம் அமைக்கக்கூடாது, அணுகுண்டு வெடிக்கக்கூடாது, யாரும் புதிதாக நிலம் கோரக்கூடாது, யார் வேண்டுமானாலும் ஆராய்ச்சி செய்யலாம், கண்டுபிடித்ததை எல்லாரோடும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று எழுதினார்கள். பிறகு 1991ல் மாட்ரிட் நகரில் இன்னோர் உடன்பாடு செய்து, சுரங்கம் தோண்டுவதையும் தடுத்தார்கள். ஆகவே அங்கே விளைகிற ஒரே பயிர் அறிவுதான்.

அந்த அறிவு நமக்கு எதற்கு? பெற்றோர்கள் வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளோடு ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு கிளாஸில் ஐஸ் கட்டியைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, தண்ணீர் மட்டத்தில் கோடு போடுங்கள். ஐஸ் உருகிய பிறகும் தண்ணீர் கோட்டிலேயே நிற்கும். மிதக்கிற ஐஸ் தன் இடத்தை முன்பே எடுத்துக்கொண்டது. இன்னொரு கிளாஸில் தண்ணீருக்குக் கோடு போட்டுவிட்டு, மேலே ஒரு வடிகட்டியை வைத்து அதில் ஐஸைப் போடுங்கள். அது உருகிச் சொட்டச் சொட்ட மட்டம் கோட்டைத் தாண்டும். வடதுருவத்துக் கடற்பனி முதல் கிளாஸ். அண்டார்க்டிக்கா இரண்டாவது கிளாஸ். அங்கே பனி நிலத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அது முழுவதும் உருகினால் உலகக் கடல் 58 மீட்டர் அளவுக்கு உயரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முழுவதும் உருகுவது நம் காலத்தில் நடக்கிற காரியமல்ல. ஆனால் அதில் நூறில் ஒரு பங்கு போனாலும் அரை மீட்டருக்கு மேல் ஆகிறதே! 1900லிருந்து இதுவரை, பல காரணங்களால், கடல் ஏற்கெனவே 20 சென்டிமீட்டர் அளவில் உயர்ந்துவிட்டது. இங்கிருந்து பொடிநடையாகப் போனால் வெல்ட் கீயில் மரக்கால்களின்மேல் நிற்கும் சீனர்களின் ஜெட்டி வீடுகளைப் பார்க்கலாம். பெருக்குநேரத்தில் அந்தப் பலகைக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு இடைவெளி என்று எட்டிப் பாருங்கள். தென்துருவம் தூரமா கிட்டமா என்று பிறகு சொல்லுங்கள்.

இன்னொரு செய்தி. பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஹாலி என்ற தங்கள் தளத்தில், 1950களிலிருந்து, ஆகாயத்தில் ஓசோன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டே வந்தார்கள். யாரும் கைதட்டவில்லை, பத்திரிகையில் பெயர் வரவில்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் சேர்ந்த அந்தக் கணக்கை வைத்துத்தான், வசந்த காலத்தில் அங்கே ஓசோன் படலம் மெலிந்துபோகிறது என்று 1985ல் உலகுக்குச் சொன்னார்கள். அதற்குக் காரணம் ஐஸ் பெட்டியிலும் ஸ்ப்ரே டின்னிலும் இருந்த ஒரு வாயு. 1987ல் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் கூடி அந்த வாயுவைக் குறைக்க ஒப்புக்கொண்டன. இன்று அந்தப் படலம் மெல்ல மெல்லத் தேறி வருகிறது. ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு நோட்டுப் புத்தகம் உலகத்தின் தோலைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையாகாது.

சரி, இந்த வேலையில் நம்மவர்கள் உண்டா? உண்டு. முதலில் நம் முன்னோர் புறப்பட்ட இந்தியாவைப் பாருங்கள். 1981 டிசம்பர் 6ஆம் நாள், டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து கப்பலேறினார்கள். கப்பல்கூட நார்வே நாட்டிலிருந்து வாடகைக்கு எடுத்ததுதான். 1982 ஜனவரி 9ஆம் நாள் அண்டார்க்டிக்காவில் கால் வைத்தார்கள். அடுத்த இரண்டே ஆண்டில், 1984 தொடக்கத்தில், தென் கங்கோத்திரி என்ற தளம் எழுந்தது. அந்த மூன்றாவது பயணத்தில் சுதிப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகளும் இருந்தார்கள். 12 பேர் அங்கேயே தங்கி, மாதக்கணக்கில் சூரியன் தலைகாட்டாத குளிர்காலத்தைக் கழித்தார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு அதே தளத்தில் ஒரு குளிர்காலக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் தமிழரான கர்னல் பா. கணேசன்.

ஆனால் தென் கங்கோத்திரி கட்டப்பட்டது கடல்மேல் நீண்டிருக்கும் பனித்தட்டின்மீது. ஆண்டுதோறும் பனி விழுந்து விழுந்து கட்டடத்தையே மூடியது. 1990ல் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. அதற்குள் இந்தியர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். பனி இல்லாத பாறை நிலத்தைத் தேடி, 1989ல் மைத்ரி என்ற தளத்தைக் கட்டினார்கள். 2012ல் பாரதி என்ற மூன்றாவது தளம், 134 கப்பல் கன்டேனர்களை அடுக்கி எழுப்பப்பட்டது. அங்கே துணைக்கோள்களிலிருந்து செய்தி வாங்கும் நிலையமும் உண்டு. அதை இயக்குவதற்காக மங்கள மணி என்ற அம்மையார் போனார். வயது 56. அதற்கு முன் பனி பொழிவதையே பார்த்திராதவர். 23 பேர் கொண்ட குழுவில் ஒரே பெண்ணாக, 2016-17ல் 403 நாள் அந்தக் குளிரில் இருந்து வேலையை முடித்துவிட்டு வந்தார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு" என்று இன்னமும் கேட்கிறவர்கள் இருந்தால், இந்த ஒரு கதை போதும்.

இனி நம் மலேசியாவுக்கு வருகிறேன். 1982 செப்டம்பரில் பிரதமர் டாக்டர் மகாதீர் ஐக்கிய நாட்டுச் சபையில் எழுந்து, ஆளில்லாத அந்த நிலம் ஒரு சில நாடுகளின் சொத்தாக இருக்கலாமா, அது உலகத்தார் அனைவருக்கும் பொது அல்லவா என்று கேட்டார். மறு ஆண்டே அது சபையின் விவாதப் பொருள்களில் ஒன்றாயிற்று. வெளியே நின்று கேட்ட கேள்விதான். நியாயமான கேள்வியும்கூட. ஆனால் உள்ளே போய் ஆராய்ச்சி செய்யாமல், வெளியே நின்றே எவ்வளவு காலம் கேட்டுக்கொண்டிருப்பது?

நம் நாட்டுக்கு அங்கே சொந்தத் தளம் இல்லை. 1999ல் நம் ஆராய்ச்சியாளர்கள், நியூசிலாந்துக்காரர்களின் ஸ்காட் தளத்துக்கு விருந்தாளிகளாகப் போனார்கள். அதன்பின் வேறு பல நாட்டுத் தளங்களிலும் கப்பல்களிலும் இடம் கேட்டு வாங்கி வேலை செய்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு தேசிய மையம் உண்டானது. வானிலை அறிஞர் அசிசான் அபு சாமா காற்றையும் வானிலையையும் ஆராய்ந்தார். பாங் சியூ மொய் என்ற பேராசிரியை பாசிகளை ஆராய்ந்தார். இதோ பினாங்கிலேயே இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் போய் வந்திருக்கிறார்கள். 2011 அக்டோபர் 31ஆம் நாள் மலேசியா அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. 2012ல் சுல்தான் மிசான் பெயரில் அண்டார்க்டிக் ஆராய்ச்சிக்கென்று ஓர் அறவாரியம் அமைந்தது. 2016 ஆகஸ்டில் உலக நாடுகளின் துருவ விஞ்ஞானிகள் மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. பனியே விழாத நாட்டில் பனி அறிஞர்களின் மாநாடு!

பெற்றோர்களே, இங்கேதான் நான் உங்கள் கவனத்தைக் கேட்கிறேன். வீடில்லாத விருந்தாளியை அந்தப் பெரிய நாடுகள் ஏன் வாங்க என்று கூப்பிட்டு உட்கார வைத்தன? நம் ஆட்கள் வெறுங்கையோடு போகவில்லை. ஒரு கேள்வியோடு போனார்கள். வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் என்ன தொடர்பு என்பதுதான் அது. பூமி ஒரு வீடு என்றால், நாம் இருக்கும் இடம் அடுப்படி. தென்துருவம் குளிர்ந்த பின்கட்டு. அடுப்படியின் சூட்டைக் காற்றும் கடலும் சுமந்துகொண்டு போய்த் துருவத்தில் கொட்டுகின்றன. பின்கட்டு மாறினால் அடுப்படியிலும் காற்று மாறும், மழையும் மாறலாம். குளிர்நாட்டு விஞ்ஞானி குளிரிலிருந்து பார்ப்பான். இதை வெயிலிலிருந்து பார்க்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த இடத்தில்தான் மலேசியர் போய் உட்கார்ந்தார். இடம் அடுத்தவருடையதாக இருந்தாலும் கேள்வி நம்முடையது.

இப்பொழுது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். எங்கள் தோட்டப் பள்ளி மிகச் சிறியது. பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அறிவியல் அறையும் நூலகமும் ஒரே அறைதான். பூதக்கண்ணாடி உண்டு, நல்ல நுண்ணோக்கி வேண்டுமென்றால் பக்கத்துப் பெரிய பள்ளியில் கேட்டு இரவல் வாங்கி வருவோம். போன ஆண்டு இறுதியில் ஒரு தகப்பனார் வந்தார். நல்ல மனிதர், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். "கோவிச்சுக்காதீங்க சார். இந்தச் சின்னப் பள்ளியில என்ன இருக்கு? பையனை வேற ஸ்கூலுக்கு மாத்திடலாம்னு பாக்குறேன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தன் பிள்ளை நன்றாக வர வேண்டும் என்ற கவலைதான் அவரைப் பேச வைத்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அந்தப் பதிலைத்தான் இன்று இந்த மேடையில் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் ஒரு மழைக்கணக்கு நோட்டு இருக்கிறது. மண்டோரில் தொடங்கி மானேஜர் வரைக்கும் தோட்டத்தில் எல்லாரும் காலையில் வானத்தைப் பார்க்கிறவர்கள். அந்தக் காலத்தில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அதனால் தோட்டத்து ஆபீசில் மழை அளக்கிற வழக்கம் உண்டு. அதைப் பார்த்துத்தான் எங்கள் பிள்ளைகளும் ஒரு போத்தலையும் புனலையும் வைத்துத் தினமும் காலை ஏழரை மணிக்கு அளந்து எழுதுகிறார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒருநாள் அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு வந்து, "சார், அங்க ஐஸ் உருகுனா நம்ம தோட்டத்துக்கு மழை கூடுமா, குறையுமா?" என்று கேட்டாள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர். அம்மா நாற்று மேடையில் வேலை செய்கிறவர். நான் பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழ் வாங்கிய சாதாரண ஆசிரியன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவுடன், பெரிய பல்கலைக்கழகத்து வாசலில் அவள் நிற்பதாகவே எனக்குத் தோன்றியது. பேராசிரியர்கள் கப்பலேறிப் போய்க் கேட்ட கேள்வியும் அதே வீட்டுக் கேள்விதானே! அவளுக்கு அது தமிழில் தோன்றியது. கேட்க வெட்கப்படவில்லை, தப்பாகப் பேசிவிடுவோமோ என்று தயங்கவில்லை. தாய்மொழியில் படிக்கிற பிள்ளைக்குக் கிடைக்கிற முதல் சொத்து இந்தத் துணிச்சல்தான்.

ஆகவே அந்தத் தகப்பனாருக்கு நான் சொல்கிறேன்: ஐயா, கட்டடம் சின்னது என்பது உண்மை. கட்டடம் வேண்டும், கருவியும் வேண்டும், அதற்காக நாம் அரசாங்கத்தைக் கேட்க வேண்டியதுதான், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் கட்டடம் வருகிற வரைக்கும் பிள்ளையின் கேள்வி காத்திருக்கக்கூடாது. ஒரு நாடே இரவல் இடத்தில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்து, உலக மேடையில் இடம் பிடித்திருக்கிறது. இரவல் நுண்ணோக்கியில் பார்த்தால் மட்டும் கிருமி தெரியாமல் போய்விடுமா?

இதற்கு வேறு சாட்சி தேட வேண்டாம். நாம் நிற்கும் இந்தப் பினாங்கே சாட்சி. இந்த நாட்டில் தமிழ்க்கல்வி எங்கே தொடங்கியது? 1816ல், இதே ஊரில், பாதிரியார் ஹட்சிங்ஸ் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கியது. இன்னொரு பள்ளியின் நிழலில் ஒண்டிக்கொண்ட வகுப்பு அது. அந்த விருந்தாளி வகுப்பு இன்று நாடு முழுவதும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளாக நிற்கிறது. நம் பாட்டன்மார் இதே துறைமுகத்தில் வந்திறங்கியபோது, தலைமாட்டில் ஒரு தகரப்பெட்டியைத் தவிர வேறு என்ன வைத்திருந்தார்கள்? இன்று கடைத்தெருவும் கோயிலும் பள்ளியும் இருக்கின்றன. இரவல் இடத்தில் தொடங்குவது நமக்குப் புதிதா?

ஆனால் ஒன்று. விருந்தாளி என்றைக்கும் விருந்தாளியாகவே இருந்துவிடக்கூடாது. அந்த அண்டார்க்டிக் உடன்படிக்கையில் ஒரு விதி இருக்கிறது. பின்னால் சேருகிற நாடு கூட்டத்தில் உட்காரலாம். ஆனால் அங்கே கணிசமான ஆராய்ச்சி செய்து காட்டினால்தான் முடிவெடுக்கும் உரிமை கிடைக்கும். இந்தியா 1983 ஆகஸ்டில் சேர்ந்து, செப்டம்பரிலேயே அந்த உரிமையைப் பெற்றது. 2011ல் சேர்ந்த நம் நாடு இன்னும் அந்த உரிமையைப் பெறவில்லை. அதைப் பெற்றுத்தரப் போகிறவர்கள் யார்? இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டில் ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நுழையப்போகிறவர்கள். அதாவது இங்கே முன்வரிசையில், காலாட்டிக்கொண்டு, இந்த வாத்தியார் எப்போது பேச்சை முடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, நீங்கள்தான்!

மாணவச் செல்வங்களே, நான் கேட்பது பெரிய காரியமல்ல. ஏதாவது ஒன்றைத் தினமும் அளந்து எழுதுங்கள். தோட்டத்துப் பிள்ளை மழையை அளக்கட்டும். பட்டணத்துப் பிள்ளை கடல்மட்டத்தை, வெயிலை, வாசலுக்கு வருகிற பறவையைக் கணக்கெடுக்கட்டும். நாலு நாள் எழுதிவிட்டு மூட்டை கட்டிவிடாதீர்கள். ஹாலி தளத்து நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஏன், எப்படி என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் ஆசிரியரைக் கேளுங்கள். ஆசிரியருக்கும் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை கேள்வி கேட்டால் "சும்மா இரு, வாயை மூடு" என்று சொல்லிவிடாதீர்கள். இன்று பரிசு வாங்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுங்கள். பரிசு வாங்காத பிள்ளை வீட்டுக்குப் போகிற வழியில் ஏதாவது கேட்டால், பெரியில் காற்று வாங்கியபடி நின்று பதில் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையிடம்தான் நாளைய நல்ல கேள்வி இருக்கிறதோ என்னவோ, யார் கண்டது!

 வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளிகள்!